எட்டேழுக்கு ஆள் வரவில்லை

ஜூன் 10, திங்கள்

இந்த நோட்டு ரெஹானா கொடுத்தது. புனிதாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிற பெண். "அம்மா என்ன சத்தம் குடுத்தாலும் தேதி போட்டு எழுதி வைங்க சார். வார்த்தையாத்தான் இருக்கணும்னு இல்ல," என்றாள். கோவில்பட்டி டெப்போவில் பஸ் டிரைவராக வண்டியை எடுத்த நேரம், விட்ட நேரம் தவிர வேறு எதையும் எழுதியவன் இல்லை நான். இருந்தாலும் சரி என்றேன். பக்கவாதம் வந்து ஐந்து வாரமாக என் மனைவி ஒரு சொல் பேசவில்லை. வலது கையும் வலது காலும் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை, தாங்கிப் பிடிக்க நான் இருக்கிறேன். பேச்சை நான் எங்கே போய்த் தாங்குவது?

இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். பின்தெருப் பள்ளியில் காலை மணி அடித்தபோது அவளுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயில் இட்லியோடு "ஓராறு" என்றாள்.

தெளிவாகத்தான் சொன்னாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு "என்ன புனிதா, என்ன சொன்ன" என்று கேட்டேன். என்னைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து இடது கை விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு "ஈராறு" என்றாள். மறுபடி வாசல், மறுபடி கோடு. இப்படியே பத்தாறு வரை போய்விட்டுத் தூங்கிவிட்டாள்.

ஓசூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டேன்.

"உங்கம்மா பேசிட்டா."

"என்னப்பா பேசினாங்க?"

"ஆறாம் வாய்ப்பாடு."

அந்தப் பக்கம் வந்தது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

இன்றும் மணி அடித்ததும் ஆரம்பித்தாள். இன்று ஏழாம் வாய்ப்பாடும் சேர்ந்துகொண்டது. கேள்வி மட்டும்தான் வருகிறது, விடை வருவதில்லை. சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்தது. பீர்க்கங்காய் துவையல் அரைத்தேன், உப்பு கூடிவிட்டது. முன்பானால் ஒரு பார்வை பார்ப்பாள். இப்போது பேசாமல் விழுங்குகிறாள், அதுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

ரெஹானா வந்தாள். நான் எதிர்பார்த்த அளவுக்கு அவள் குதிக்கவில்லை.

"சார், பாட்டு, ஜெபம், வாய்ப்பாடு இதெல்லாம் சின்ன வயசுல இருந்து திரும்பத் திரும்பச் சொல்லி ஊறிப் போனது. பேச்சு போனாலும் பல பேருக்கு இது தங்கிடும். நல்லதுதான். ஆனா இது இன்னும் பேச்சு இல்ல."

"பின்னே எதும்மா பேச்சு?"

"அந்த நேரத்துக்குப் பொருத்தமா, அவங்களா ஒரு வார்த்தை சொல்லணும். தண்ணி வேணும்னா தண்ணி. வேண்டாம்னா வேண்டாம். ஒண்ணு வந்துட்டா அது பின்னாடி மத்தது வரும். முதல் மூணு மாசம் முக்கியம், அதுக்கப்புறம் வேகம் குறையும்."

விடை வராததற்கு என்ன செய்வது என்று கேட்டேன். பாதி மறந்திருக்கலாம், நீங்கள் எடுத்துக் கொடுங்கள், தொடர்ந்து வருவார்கள் என்றாள்.

எனக்குக் கேட்க வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "என்னங்க." முப்பத்தோரு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்டது. அப்போதெல்லாம் பாதி தரம் காது கேளாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

ஜூன் 14, வெள்ளி

பேப்பர் கடையில் வாய்ப்பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிவந்தேன். "பேரனுக்கா சார்" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். பேரனுக்கு ஒன்றரை வயது.

புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும்படி ஆகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தது கண்ணாடி மாற்ற வேண்டியிருப்பதால்தான். அதோடு, டிரைவருக்கு ரோடு, கண்டக்டருக்குக் கணக்கு என்று கடவுளே பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

அவள் "ஓராறு" என்றதும் "ஆறு" என்றேன். இடது உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தரம் அமுக்கினாள். உட்கார் என்று அர்த்தம். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். "ஈராறு" என்றாள். "பன்னிரண்டு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது, மறுபடி கையை அமுக்கினாள். மூவாறுக்கு வாயைத் திறந்தேன். திரும்பி என்னை ஒரு முறை முறைத்தாள். அந்த முறைப்பு மட்டும் அச்சு அசலாகப் பழையபடி இருந்தது.

சரியான விடையைச் சொல்லியும் திட்டு வாங்குகிற ஒரே ஆள் நான்தான்.

ஜூன் 18, செவ்வாய்

எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நாலு வாய்ப்பாட்டுக்கும் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் வாசலைப் பார்க்கிறாள், கோடு போடுகிறாள். எதற்கு வாசல் என்று புரியவில்லை. வெளியே கூட்டிப்போகச் சொல்கிறாளோ என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனேன். உடனே உள்ளே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜூன் 19, புதன்

ஒன்றும் சொல்லவில்லை. பின்தெருவில் மணி அடிக்க மறந்துவிட்டார்கள் போல.

ஜூன் 21, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மாத்திரை கொடுக்கவும் பிரஷர் பார்க்கவும் சண்முகக்கனி வந்தாள். ரயில்வே கேட் பக்கம் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கிறாள். புனிதாவிடம் நாலாம் வகுப்பு படித்தவள். இப்போது அவளுக்கே கல்லூரி போகிற பிள்ளை இருக்கிறது. வழக்கமாகச் சாயங்காலம் வருவாள், இன்று கடைக்குப் போகிற வழியில் காலையிலேயே வந்துவிட்டாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரம் புனிதா "எட்டாறு" என்றாள்.

"நாப்பத்தெட்டு டீச்சர்," என்றாள் கனி. யோசிக்கவே இல்லை. ஒரு கால் செருப்பு இன்னும் கழற்றவில்லை.

புனிதா தலையை ஆட்டினாள். கோடு போடவில்லை. கை அமுக்கவில்லை. இந்த ஆறேழு வாரத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. "ஒம்பதாறு" என்று அடுத்ததற்குப் போனாள்.

கனி செருப்போடு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"டிரைவர் சார், டீச்சர் எதையும் மறக்கல. அட்டெண்டன்ஸ் எடுக்காக."

அப்புறம்தான் விவரம் சொன்னாள். புனிதா வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லையாம். ஜூன் மாதமே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரியைப் பிரித்துக் கொடுத்துவிடுவாளாம். காலையில் டீச்சர் கேள்வி, வரிக்குச் சொந்தக்காரப் பிள்ளை மட்டும் விடை. சத்தம் வந்தால் பிள்ளை வந்திருக்கிறது, வராவிட்டால், பிந்தி வருகிறதோ என்று வாசலை ஒரு பார்வை, அப்புறம் வரவில்லை என்று ஒரு கோடு. ஒருவர் வரியை இன்னொருவர் சொல்லக் கூடாது. சொன்னால் "நீ உக்காரு, அது அவளோடது." வருஷக் கடைசிக்குள் எல்லோர் வரியும் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் எட்டாறு கனியோடதுதான்.

"எங்க கடைல இன்னைக்கும் ஆறு அட்டை எட்டு மாத்திரைன்னா எனக்கு என் பேரைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும் சார்," என்றாள்.

ஆக, நான் ஒரு வாரம் முன்னால் செய்தது இரண்டு பிள்ளைகளின் வரியைத் திருடியது. முறைத்தது நியாயம்தான்.

ஜூன் 23, ஞாயிறு

மணி இல்லாத நாள். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். நானாகவே பழசை எல்லாம் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் வேலை பார்த்த மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துச் சுவர் மெயின் ரோட்டின் மேல்தான் இருந்தது. என் வண்டி கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி போகிற முதல் டிரிப். பள்ளிக்கூட ஸ்டாப்பில் ஆள் இல்லாவிட்டாலும் நிறுத்துவேன். ஜன்னல் வழியாக ஒவ்வொரு குரலாக வரும். கீச்சுக்குரல், கட்டைக்குரல், சளி பிடித்த குரல். நடுவில் அவள் கேள்வி, மணி அடித்த மாதிரி. கண்டக்டர் சுடலைமுத்து விசிலை வாயில் வைத்துக்கொண்டு "அண்ணாச்சி, மதினியப் பாக்கணும்னா லீவு போட்டுப் பாருங்க, எனக்கு கலெக்‌ஷன் போகுது" என்பான். கூட்டத்துக்கு முன்னால் மானத்தை வாங்குவதற்கென்றே பிறந்தவன்.

அப்போதெல்லாம் கவனித்திருக்கிறேன், ஏழாம் வாய்ப்பாட்டில் ஓர் இடத்தில் மட்டும் பதில் வராது. வருஷா வருஷம் அதே இடம். எந்தப் பிள்ளைக்கோ நீண்ட நாள் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு கியரைப் போடுவேன்.

அவளுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துவார்கள். போய்வந்து பையை வைத்ததும் ஆரம்பிப்பாள். "மனப்பாடம் வேண்டாங்காங்க. பிள்ளைக குச்சியும் மணியும் வச்சுத் தானாக் கண்டுபிடிக்கணுமாம். கண்டுபிடிக்கட்டுமே, நானா வேண்டாங்கேன்? புளியங்கொட்டை பரப்பிக் குடுக்கத்தான் செய்யுதேன். ஒரு தரம் கண்டுபிடிச்ச வழிய மனசுல வச்சுக்கிடலன்னா, தெனமும் சொந்த வீட்டுக்கு வழி கேட்டுக்கிட்டேல்லா வரணும்." நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தலையாட்டுவேன். கணக்கு எனக்கு எட்டாது, ஆனால் இது புரிந்தது. கியர் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கிற டிரைவர் ரோட்டை எப்போது பார்ப்பான்?

அந்த வகுப்புக்குள் நான் போனது ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதிதில், குடை கொடுக்க. அதன் பிறகு போகவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் வண்டி நிறுத்த வசதி கிடையாது.

ஜூன் 26, புதன்

கனி ஊரையே கூட்டிவிட்டாள். வாட்ஸ்அப்பில் ஆள் தேடியிருக்கிறாள். ஒவ்வொரு வரிக்கும் வருஷத்துக்கு ஒருவர் இருந்திருக்கிறார் அல்லவா, யாராவது ஒருவர் அகப்பட்டால் போதும். காலையில் மணி அடிக்கும்போது கூடத்தில் ஏழெட்டுப் பேர், மற்றவர்கள் கனியின் போனில். பேக்கரி வைத்திருப்பவன், தாலுகா ஆபீஸில் இருப்பவள், ஷார்ஜாவிலிருந்து ஒருத்தன் அரைத் தூக்கத்தில்.

"ஓராறு."

"ஆறு டீச்சர்."

"ஈராறு."

"பன்னெண்டு டீச்சர்." இது திருப்பூரிலிருந்து. பின்னால் தையல் மிஷின் சத்தம்.

எல்லாம் முப்பது, நாற்பது வயசுக் குரல்கள். ஆனால் "டீச்சர்" என்கிற இடத்தில் மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒன்பது வயசாகிவிடுகிறது. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அழுதேன். எழுதினால் என்ன, ரெஹானாதானே படிக்கப்போகிறாள்.

ஏழாம் வாய்ப்பாடு. "ஏழேழு." "நாப்பத்தொம்போது டீச்சர்." "எட்டேழு."

யாரும் பேசவில்லை. போனிலும் சத்தம் இல்லை. புனிதா வாசலைப் பார்த்தாள். மற்ற வரிகளுக்குக் காத்திருந்ததைவிட அதிக நேரம் காத்திருந்தாள். பிறகு காற்றில் கோடு.

ஒன்பதாம் வாய்ப்பாடு முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது கனியிடம் கேட்டேன். "எட்டேழுக்கு ஆள் அகப்படலியாம்மா? எந்தப் பிள்ளையோடது அது?"

பேக்கரிக்காரன் கனியைப் பார்த்தான். கனி டம்ளரைப் பார்த்தாள்.

"சொல்லு தாயி."

"அது பிள்ளைகளுக்குக் குடுக்க மாட்டாக சார். அது உங்களோடது."

ஜூன் 27, வியாழன்

நேற்று எல்லாவற்றையும் எழுதி முடிக்கவில்லை. கை ஓடவில்லை.

குடை கொடுக்கப் போன அன்று என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். வாசலில் நின்றேன். புது மாப்பிள்ளை, காக்கி யூனிபாரம், பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். புனிதா சிரித்துக்கொண்டு, "வந்தவுக சும்மா போகக் கூடாது, ஒரு வரி சொல்லிட்டுப் போகணும். எட்டேழு?" என்றாள். ஐம்பத்திநாலு என்றேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "தப்பு" என்று கத்தினார்கள். அவளும் சேர்ந்து சொன்னாள். வெளியே வண்டிக்குள் சுடலைமுத்து வரைக்கும் கேட்டிருக்கிறது.

வண்டி நிறுத்த அங்கே வசதி இருந்தது.

அவள் அதை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் வரி பிரிக்கும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வாளாம். கனி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கணக்கு வராம அழுத பிள்ளைகளைக் கூப்பிட்டு டீச்சர் சொல்லுவாக, எங்க வீட்டுல ஒருத்தருக்கு எட்டேழு வராது, ஆனா அவரு தெனமும் அம்பது பேரப் பத்திரமாக் கொண்டுபோய் எறக்கிவிடுதாரு. அந்த வரி அவரோடது. அவரு திரும்பி வந்து சொல்லுத வரைக்கும் யாருக்கும் கிடையாதுன்னு."

தப்பாகச் சொன்ன பிள்ளையை அவள் அடிக்கவே மாட்டாளாம். "தப்பு. நாளைக்குச் சொல்லு." அவ்வளவுதானாம்.

ஆக அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளை நான்தான். அவள் ஓய்வு பெறுகிற வரைக்கும் தினமும் என் வரியைக் கேட்டிருக்கிறாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

எட்டேழு வந்தபோது குழாயடியில் இருந்தேன். தண்ணீர் நின்றுவிடும் என்று அவசரம்.

ஜூலை 1, திங்கள்

கடைக்குப் போயிருந்தேன். பிளேடு வாங்க.

ஜூலை 2, செவ்வாய்

ரெஹானா வந்து நோட்டைப் படித்தாள். "பிளேடு வாங்கிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் அதிகம்.

உண்மையைச் சொன்னால் வெட்கம் இல்லை, பயம். மற்றவர்கள் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். நான் சொல்லியும் அதே மாதிரி ஒரு தலையாட்டு, அடுத்து ஒன்பதேழு என்று போய்விட்டால்? அப்புறம் எனக்குக் காத்திருக்க என்ன இருக்கிறது? சொல்லாதவரை அவள் வாசலைப் பார்க்கவாவது செய்கிறாள்.

ஜூலை 3, புதன்

மழைத் தூறல். மாவு அரைத்தேன். எட்டேழுக்குக் கோடு போட்டாள். இன்று கோடு போடும்போது கை கொஞ்சம் தளர்ந்திருந்தது.

ஜூலை 4, வியாழன்

துணி உலர்த்தும்போது என் வரியைச் சொல்லிப் பார்த்தேன். பால் வாங்கப் போகும்போது சொன்னேன். மறந்துபோனால் ஏழேழு நாற்பத்தொன்பதோடு இன்னும் ஏழு கூட்டிக்கொள்ளலாம், அதுவும் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழிதான் என்றாள் கனி. கூட்டிப் பார்த்தேன். சரியாக வருகிறது. பால்காரம்மா "அண்ணாச்சி என்ன மந்திரமா" என்றாள்.

காக்கிச் சட்டை பெட்டியில் இருந்தது. வயிற்றில் ஒரு பொத்தான் சேரவில்லை.

ஜூலை 5, வெள்ளி

ரெஹானாவுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

காலை மணி அடிக்கும் முன்பே வெளியே போய் நின்றுகொண்டேன். காக்கிச் சட்டை. கையில் குடை, மழை இல்லாவிட்டாலும். கூடத்தில் கனி மட்டும் போனோடு இருந்தாள். ஆறாம் வாய்ப்பாடு முடிந்தது. எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"ஏழேழு."

"நாப்பத்தொம்போது டீச்சர்," என்றது போன்.

"எட்டேழு."

வாசலைப் பார்த்தாள். நான் படியேறி வாசலில் நின்றேன். என்னைக் காலில் இருந்து தலை வரை பார்த்தாள். சட்டை, குடை, முகம். கண் என் மேலேயே நின்றது. நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்த வரி, நாக்கின் நுனியில் இருந்த வரி.

"அம்பத்திநாலு டீச்சர்," என்றேன்.

கனி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

புனிதாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. வலி வந்துவிட்டதோ என்று பயந்து ஓடினேன். வலி இல்லை, சிரிப்பு. பாதி முகத்தால் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு என் சட்டையின் சேராத பொத்தானை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக மேட்டில் வண்டி ஏறுகிற மாதிரி, சொன்னாள்.

"தப்பு."

போனில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் இன்னும் பொத்தானை விடவில்லை.

"நாளைக்கு," என்றாள்.

ரெஹானாவுக்குப் போன் செய்தேன். அந்த நேரத்துக்குப் பொருத்தமா, அவளா சொன்ன வார்த்தை, இரண்டு, எழுதிக்கோ என்றேன். அவள் அந்தப் பக்கம் கத்திய கத்தலில் காது அடைத்துவிட்டது.

கனியிடம் வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பின மாதிரி இருந்தாள், நல்ல பிள்ளை. எனக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாக இங்கே எழுதி வைக்கிறேன்: எட்டேழு ஐம்பத்தாறு.

நாளைக்கும் தப்பாகவே சொல்லலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.